சுரங்கத்தின் மேலால் ஒரு பயணம்

சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர்களில் கொட்ஹார்ட் சுரங்கப்பாதையை அறியாதவர்கள் இல்லை என்றே சொல்லலாம். லுகானோவில் கல்யாணம் என்றால் அதற்குள்ளால் போகிறோம். பெலின்சோனாவில் சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு என்றாலும் அதற்குள்ளால்தான். 1980 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5 ஆம் திகதி திறக்கப்பட்ட இந்த வீதிச் சுரங்கத்தின் நீளம் 16.9 கிலோமீற்றர். அனுமதிக்கப்பட்ட 80 கிலோமீற்றர் வேகத்தில் போனால் பதின்மூன்று நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடலாம். ஆனால் அந்தப் பதின்மூன்று நிமிடமும் எங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை எம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டில் இருந்தும் நாங்கள் பார்க்கவில்லை. 2022 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில்தான் அதற்கு நேரம் வந்தது. அதுவும் ஒரு காரைப் பற்றிய வாக்குவாதத்தால்.

பேர்ணில் வேலைசெய்யும் எங்கள் மூத்த மகள் கைமாறிய கார் ஒன்றை வாங்கினாள். 2013 ஆம் ஆண்டு மொடல் வொக்ஸ்வாகன் கோல்ப் கப்ரியோலே. கூரை துணியாலானது. பொத்தானை அழுத்தினால் ஒன்பதரைச் செக்கனில் மடிந்து பின்னால் போய் ஒடுங்கிவிடும். எங்கள் சுற்றத்தாருக்கு இதில் இரண்டு குறைகள். குளிர் நாட்டில் கூரையில்லாத கார் எதற்கு என்பது ஒன்று. மற்றது எஞ்சின். நாலு பேர் இருந்து போகிற காருக்கு வெறும் 1197 சி.சி.!

இந்த இரண்டாவது குறையைச் சொன்னவர்களில் முக்கியமானவர் எங்கள் மாமா. யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில் ஒரு கராஜில் வேலை பழகி, பின்னர் சொந்தமாக மொறிஸ் மைனர் வைத்து ஹயர் ஓடியவர். அவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, உள்ளுக்குப் பாதி இடம் வெறுமையாக் கிடக்கு. இது கார் எஞ்சினோ, தையல் மெசினோ?"

"மாமா, இதிலை ரேர்போ இருக்கு" என்றோம்.

"எது இருந்தாலென்ன, மலையிலை ஏத்திப்போட்டுச் சொல்லுங்கோ."

மாமா சும்மா சொல்லவில்லை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போய்வந்தவர். அவருடைய மொறிஸ் மைனருக்கு 948 சி.சி., 37 குதிரைவலு. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒருமுறை தண்ணீர் விட்டு, றம்பொடையில் இன்னொருமுறை றேடியேற்றரை ஆறவிட்டு, சில வளைவுகளில் ஆட்களை இறக்கி நடக்கவிட்டு நுவரெலியா போய்ச் சேர்ந்த கதைகளை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். மேலே போகப்போக எஞ்சினுக்கு "மூச்சுக் காணாது" என்பார். அது உண்மைதான். 2000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும். சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை வழியிலேயே இழந்துவிடும்.

ரேர்போ இந்த இடத்தில்தான் உதவுகிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, வழக்கமாகப் புகைக்குழாயால் வீணே போய்விடும். ரேர்போ அந்தப் புகையைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய இந்தச் சாதனம் உள்ளங்கையில் அடங்கிவிடும். இதனால் 1197 சி.சி. எஞ்சின் 105 குதிரைவலுவைத் தருகிறது. அதைவிட முக்கியமானது, 175 நியூற்றன் மீற்றர் இழுவை 1550 சுற்றிலேயே முழுமையாகக் கிடைப்பது. மாமாவின் மொறிஸ் மைனரைவிட 249 சி.சி.தான் கூட. வலுவோ ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு சுவிஸ்காரர் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது. வின்ரர்தூரில் 1879 இல் பிறந்த அல்பிரட் பூக்கி என்ற பொறியியலாளர், புகையின் சக்தியால் எஞ்சினுக்குக் காற்றூட்டும் முறைக்கு 1905 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதலில் கப்பல்களிலும் மின்நிலையங்களிலும் பெரிய டீசல் எஞ்சின்களில் பயன்பட்டது. பின்னர் லொறிகளுக்கு வந்தது. இப்போது மகளின் சிறிய காரில் இருக்கிறது.

இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கினோம். அவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உந்தக் காரை ஒருநாள் தருவியளோ? கொட்ஹார்ட்டுக்கு மேலாலை போகவேணும். நான்தான் ஓடுவன்."

காரணத்தைப் பிறகு துணைவியாரிடம் சொல்லியிருக்கிறார். இங்கே 75 வயது கடந்தவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனைக்குப் போகவேண்டும். 2019 க்கு முன் அது 70 வயதாக இருந்தது. மாமாவுக்கு அப்போது 77. இரண்டாவது பரிசோதனைக்கான கடிதம் வந்திருந்தது. போனால் சிலவேளை சித்தியடைவார். ஆனால் மாலை நேரங்களில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணில் கரைகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். "ஆரையும் அடிச்சுப்போட்டு விடுறதிலும் பார்க்க, நானாய் விடுறது நல்லது பிள்ளை" என்றாராம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவெடுத்துவிட்டார். அதற்கு முன் ஒரு ஓட்டம்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை பேர்ணிலிருந்து புறப்பட்டோம். பாணும் மீன் சம்பலும் வடையும், பிளாஸ்கில் தேத்தண்ணியும் பின்பெட்டியில். கூரை மடிந்தாலும் திறந்தாலும் அதில் 250 லீற்றர் இடம் இருப்பது இந்தக் காரின் ஒரு வசதி. துண், இன்ரர்லாக்கன் தாண்டி பிறியன்ஸ் ஏரிக்கரையோரம் வரை கூரையை மூடியே வந்தோம். நெடுஞ்சாலை வேகத்தில் கூரையைத் திறந்தால் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும், பெற்றோலும் கூடச் செலவாகும். பேச்சும் கேட்காது. மைரிங்கனுக்கு அப்பால், 625 மீற்றர் உயரத்திலுள்ள இன்னெர்ட்கிர்கனில் நிறுத்திக் கூரையைத் திறந்து சாவியை மாமாவிடம் கொடுத்தோம்.

இங்கிருந்து சுஸ்ரன் கணவாய் தொடங்குகிறது. 1938 முதல் 1945 வரை வேலைசெய்து 1946 இல் திறந்த வீதி. மோட்டார் வாகனங்களை மனதில் வைத்தே அமைத்தபடியால் ஏற்றம் எங்கும் ஒரே சீராக, கூடியது 9 வீதமாக இருக்கிறது. 28 கிலோமீற்றர் தூரத்தில் 1600 மீற்றர் ஏறவேண்டும்.

முதல் சில வளைவுகளில் மாமாவுக்கும் எஞ்சினுக்கும் ஒத்துவரவில்லை. பழைய பழக்கத்தில் வேகம் எடுத்த உடனேயே மூன்றாம் கியருக்கு, நாலாம் கியருக்கு மாற்றினார். ஊரில் பெற்றோல் மிச்சம்பிடிக்க எல்லோரும் செய்தது அது. கொண்டையூசி வளைவில் வேகம் குறைய, எஞ்சின் 1200 சுற்றுக்கு இறங்கியது. மாமா அக்சிலேற்றரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கார் நடுங்கியது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"பாத்தியளோ! நான் சொன்னது சரி. மூச்சுக் காணாது."

இங்கே ஒரு விடயத்தை விளக்கவேண்டும். கூரையில்லாத கார் பாரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. மூடிய காரில் கூரையும் சேர்ந்துதான் உடம்பை இறுக்கமாக வைத்திருக்கிறது. கூரையை வெட்டி எடுத்தால், அந்த உறுதியைத் தளத்திலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் முன்கண்ணாடிச் சட்டத்திலும் மேலதிக உருக்கு வைத்து ஈடுசெய்ய வேண்டும். அதோடு கூரையை மடிக்கும் மோட்டாரும், கார் புரண்டால் பின்னாசனத்துக்குப் பின்னாலிருந்து மேலெழும் பாதுகாப்புச் சட்டங்களும். எனவே இந்தக் காரின் நிறை ஏறத்தாழ 1400 கிலோ, அதே ரகத்தின் மூடிய காரைவிடக் கூட. அதில் நாங்கள் மூவரும் சாப்பாட்டுப் பெட்டியும். இவ்வளவையும் 1200 சுற்றில் சுழலும் சின்ன எஞ்சின் இழுக்காது. ஏனென்றால் அந்த நிலையில் ரேர்போவைச் சுழற்றப் போதிய புகை வராது. புகை வந்து, சக்கரம் சுழன்று, காற்றுத் தள்ளப்பட்டு, பிறகுதான் வலு வரும். அதற்கு ஒரு கணம் பொறுக்கவேண்டும், அல்லது அந்த நிலைக்கு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மாமா, வளைவுக்கு முன்னமே இரண்டாம் கியருக்கு வாங்கோ. இரண்டாயிரத்துக்குக் கீழை விடாதையுங்கோ."

அடுத்த வளைவில் அப்படியே செய்தார். கார் மெல்ல ஒரு மூச்செடுத்து, பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் ஏறியது. அதற்கடுத்த வளைவில் இன்னும் நன்றாக. நாலைந்து வளைவுக்குள் மாமா கணக்கைப் பிடித்துவிட்டார். இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் முள்ளை வைத்துக்கொண்டு, வளைவுக்குள் போகும்போதே அக்சிலேற்றரை இலேசாகத் தொட்டு, ரேர்போவைத் தூங்கவிடாமல் கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்கு இரண்டு வருடம் ஓடியும் வராத கை அது.

கூரை திறந்திருந்ததால் எஞ்சினின் சத்தம் நேரே காதில் விழுந்தது. ரேர்போ வேலைசெய்யத் தொடங்கும்போது மெல்லிய விசில் போன்ற ஒலி, மலைச்சுவரில் பட்டுத் திரும்பியது. மாமா சுற்றுமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றத் தொடங்கினார். காட்மன் கிராமம் தாண்டியதும் பைன் மரவாசம். பிறகு மரங்கள் குறைந்து புல்வெளியும் பாறையும். அருவிகளின் ஈரம் முகத்தில் தெறித்தது. தலைக்கு மேலே கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மலையைப் பார்க்க நிமிர்ந்தால் போதும்.

கணக்குப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. இந்தப் பாரத்தை 8 வீத ஏற்றத்தில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏற்றச் சுமார் 40 குதிரைவலு போதும். எஞ்சினிடம் இருப்பது 105. மேலே காற்று அடர்த்தி குறையக் குறைய ரேர்போ இன்னும் வேகமாகச் சுழன்று குறையை நிரப்புகிறது. தாழ்நிலத்தில் புகையின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வெளியே விடும் வால்வு, உயரத்தில் கூடுதலாக மூடியிருக்கும். அந்தப் புகையும் சக்கரத்துக்கே போகும். இதற்கும் எல்லை உண்டு. ஆனால் சுவிஸ் கணவாய்களின் உயரத்தில் அந்தக் குறையை எங்களால் உணர முடியவில்லை.

ஸ்ரைன் பனியாற்றின் அடியில் காரை நிறுத்தினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ நுவரெலியாவின் உயரம். ரேர்போ வண்டிகளை ஏற்றத்தில் ஓடிவந்த உடனே நிறுத்தக்கூடாது, அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. ஓடும் எண்ணெய்தான் சூடேறிய தண்டைக் குளிர்விக்கிறது. புதிய கார்களில் இதற்கெனத் தனியான தண்ணீர்ப் பம்பி உண்டென்றாலும் பழக்கம் நல்லது. நாங்கள் சொல்லமுன்பே மாமா எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தார். பிறகு இறங்கிப் போய் முன்பக்கம் குனிந்து, கையை நீட்டிப் பார்த்தார். கொதிக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை.

"இந்த உயரத்துக்கு வர எனக்கு ரெண்டு வாளி தண்ணி வேணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பனியாறு முன்னர் வீதிக்கு அருகில்வரை இருந்ததாம். இப்போது வெகுதூரம் பின்வாங்கிவிட்டது, அது இருந்த இடத்தில் சாம்பல்நிற ஏரி கிடக்கிறது. எங்கள் கார்களின் புகைக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏற்றத்தில் நூறு கிலோமீற்றருக்கு 13 லீற்றர் என்று மீற்றர் காட்டியது. இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது அது பூச்சியத்துக்கு வந்தது. வீடு திரும்பியபோது முழுப் பயணத்துக்கும் ஏழு லீற்றருக்குச் சற்றுக் குறைவு.

2224 மீற்றரில் உச்சியிலுள்ள சிறு சுரங்கத்தைத் தாண்டி வாசன் கிராமத்துக்கு இறங்கினோம். இறக்கத்தில் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப்போல் காரைப் பிடித்து வைக்காது. பிறேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடாகி மணக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது எல்லா மலைக்கும் பொதுவான பாடம். அது மாமாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வாசனிலிருந்து கியோஷெனன். கொட்ஹார்ட் சுரங்கத்தின் வடக்கு வாய் இங்குதான். நெடுஞ்சாலையில் வாகனங்கள் வரிசையாக நின்றன. நாங்கள் வரிசையில் சேராமல் ஷொலனன் இடுக்கால் மேலே ஏறி, பேய்ப் பாலத்தைக் கடந்து, அண்டர்மாற்றில் தேத்தண்ணி குடித்துவிட்டு, 2106 மீற்றர் உயரமுள்ள கொட்ஹார்ட் கணவாயை அடைந்தபோது மதியம். மேலே சின்னச் சின்ன ஏரிகள், பழைய வழிப்போக்கர் மடம், குளிர்காற்று. இங்கிருந்து வடக்கே ஓடும் றொய்ஸ் ஆறு ஆரே ஆற்றோடு சேர்ந்து றைன் நதிக்குப் போகிறது. தெற்கே ஓடும் ரிச்சீனோ ஆறு இத்தாலியின் போ நதிக்குப் போகிறது.

கல்லொன்றில் இருந்து பாணைப் பிரித்தபோது மாமா தரையைக் காலால் தட்டினார்.

"இதுக்குக் கீழைதான் என்னைக் கொண்டுவந்தவங்கள்."

1985 இல் அவர் இத்தாலி வழியாக வந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஏழு பேர், மூடிய வான், இரவு. அதற்குமேல் அவர் சொன்னதில்லை. அன்று சொன்னார். வானுக்குள் யன்னல் இல்லை. ஓரிடத்தில் திடீரென்று சத்தம் மாறியதாம். சக்கரச் சத்தம் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு இரைந்தது. வெக்கை. நெடுநேரம். முடிவே இல்லாத பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பெடியன் அழத் தொடங்கினான். பிறகு ஒரு கணத்தில் இரைச்சல் நின்று, குளிர் வந்தது. எங்கே போனோம், எதைக் கடந்தோம் என்று யாருக்கும் தெரியாது. சில வருடம் கழித்து மரக்கறி வண்டியோடு முதன்முதல் இந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது, அதே இரைச்சலைக் கேட்டுத்தான் அவர் இடத்தை அடையாளம் கண்டிருக்கிறார். அதன்பிறகு பதினெட்டு வருடம் கிழமைக்கு இரண்டுதரம் அதற்குள்ளால் ஓடினார். ஒரு நாளும் மேலே வரவில்லை. நேரம் இல்லை, வண்டி முதலாளியுடையது, மலைப்பாதையில் பெற்றோல் கூட.

"மேலை ஆகாயம் இருக்கெண்டு தெரியும் தம்பி. பாக்கத்தான் இல்லை."

துணைவியார் வடையை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

தெற்கே இறங்க இரண்டு வழி. புதிய அகன்ற வீதி ஒன்று, 24 கொண்டையூசி வளைவுகளோடு கல் பதித்த பழைய திரெமோலா வீதி மற்றது. மாமா பழையதையே கேட்டார். கூரையைத் திறந்தபடி, இரண்டாம் கியரில், கற்களின் அதிர்வு ஸ்ரியரிங்கில் ஏற, ஐரோலோவுக்கு இறங்கினோம். கடைசி வளைவு முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, அரை நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இனி நீங்கள் ஓடுங்கோ. உதுக்குள்ளாலை நான் ஓடினது காணும்."

வீடு திரும்பும் வழி சுரங்கம்தான். கூரையை மூடினோம். சுரங்கத்துள் புகையும் வெக்கையும் அதிகம், திறந்து போகக்கூடாது. பதின்மூன்று நிமிடமும் மாமா பின்னாசனத்தில் இருந்து துணிக் கூரையைப் பார்த்தபடி வந்தார். வடக்கு வாயால் வெளியே வந்ததும், "இடமிருந்தால் நிப்பாட்டித் திறவுங்கோ" என்றார். தரிப்பிடத்தில் நிறுத்தித் திறந்தோம். தூறல் போட்டது. சில செக்கனில் மூடலாம் என்ற துணிவில் சற்றுநேரம் நனைந்தோம்.

அடுத்த கிழமை மாமா லைசென்ஸைப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டார். மகளிடம் காரைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல எஞ்சின். முதல் மூச்செடுக்க விடு, பிறகு கேள்."

அன்பர்களே, கணவாய்கள் பெரும்பாலும் ஆனி முதல் ஐப்பசி வரைதான் திறந்திருக்கும். புறப்பட முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வளைவுகளில் மஞ்சள் தபால் பஸ்ஸின் மூன்று சுரக் குழல் கேட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். பெரிய கார் தேவையில்லை. கூரை திறக்காத காரென்றாலும் யன்னலை இறக்கிவிடலாம். அடுத்த கோடையில் லுகானோவில் கல்யாணம் வந்தால், ஒரு மூன்று மணித்தியாலம் முந்திப் புறப்பட்டு, வீட்டிலிருக்கும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு மேலால் போங்கள். அவர்களில் சிலர் கீழால் மட்டுமே வந்தவர்கள்.